கெட்ட காலத்து ஊற்றுகள்

ஒரு காட்டில் உடல் முழுக்கச் செதில் போர்த்திய ஓர் அழுங்கு இருந்தது. பெயர் செதிலன். ஓடுவதற்கு மான், தாவுவதற்கு மந்தி, வாயைத் திறக்காமல் இருப்பதற்குச் செதிலன் என்று அந்தக் காட்டில் ஒரு பேச்சு உண்டு. மானுக்கும் மந்திக்கும் அந்தத் திறமை பிறவியிலேயே வந்தது. செதிலனுக்குக் கூண்டில் வந்தது.

அப்போது சிங்கத்தின் ஆட்சி. மேல்காட்டிலிருந்து ஓர் ஆறு இறங்கி வரும். ஆற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் ஆற்றுக்கும் தாகத்துக்கும் நடுவில் சிங்கத்தின் அலுவலகம் இருந்தது. தண்ணீருக்கு டோக்கன் வேண்டும். டோக்கனுக்கு அட்டை வேண்டும். அட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நின்றால் நாக்கு வறளும், அதற்குத் தண்ணீர் வேண்டும். சிங்கத்தின் சொந்தக்காரர்கள் மட்டும் எந்தக் கோடையிலும் பிடரி சொட்டச்சொட்டத் திரிந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் நேர்வழி இயக்கம் தலையெடுத்தது. படைத்தவனை மட்டும் தொழு, பொய் சொல்லாதே, பக்கத்து வளையில் இருப்பவரை மறந்துவிட்டு நீ மட்டும் வயிறு நிறைக்காதே. இவ்வளவுதான் அதன் பாடம். சுவரொட்டியில் இன்னும் சுருக்கி, 'நேர்வழியே தீர்வு' என்று போட்டிருக்கும். எதற்குத் தீர்வு என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் இயக்கம் வரும்போதே தண்ணீரையும் கொண்டுவந்தது. ஐந்தைந்து விலங்குகளாகச் சேர்ந்து, சிங்கத்துக்குத் தெரியாத இடங்களில் ஊற்றுத் தோண்டும். வரிசையில் மயங்கி விழுந்த விலங்கின் கொல்லைப்புறத்தில் தண்ணீரை வைத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விடும்.

சிங்கம் இயக்கத்தைத் தடை செய்தது. தடைக்குப் பிறகு இயக்கத்தின் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. ஓர் ஐவர் குழுவின் ஊற்று அடுத்த குழுவுக்குத் தெரியாது. ஊற்றின் இடத்தை அரசாங்கத்திடம் சொல்ல மாட்டேன் என்று சேரும்போதே சத்தியம் செய்ய வேண்டும். ஐவரில் ஒருவர் அரண்மனைக்குள் போய்விட்டால், மற்ற நால்வரும் அந்த ஊற்றை மூடிவிட்டு வேறிடத்தில் தோண்டிவிட வேண்டும். ஒருமுறை சிங்கம் ஒரு மைனாவைப் பழக்கி, இயக்கத் தலைவரான அமீரின் குரலில் ஒலிபெருக்கியில் பேசவைத்தது. சத்தியத்திலிருந்து விடுவித்துவிட்டேன், ஊற்றுகளைக் காட்டுங்கள் என்றது அந்தக் குரல். நம்பிக் காட்டிய விலங்குகள் வீடு திரும்பவில்லை. அன்று இன்னொரு விதி சேர்ந்தது. அமீரின் குரல் ஒலிபெருக்கியில் ஊற்றைக் கேட்டால், பேசுவது அமீர் இல்லை.

ஓர் ஐவர் குழுவில் இருந்த செதிலனைப் பிடித்துப் போன சிங்கத்தின் ஓநாய்கள் அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஊற்று எங்கே என்று கேட்டன. செதிலன் பந்தாகச் சுருண்டுகொண்டது. செதில்களைப் பிடுங்கின. சுருண்டபடியே இருந்தது. ஓநாய்களில் ஒன்று ஓய்வு பெற்று, அதன் மகன் வேலைக்கு வந்து, அதுவும் கேட்டுப் பார்த்தது. செதிலன் சொல்லவில்லை.

பிறகு சுற்றியிருந்த காடுகளில் ஒவ்வொன்றாகக் கிளர்ச்சித் தீ பிடித்தது. எங்கோ ஒரு காட்டில், பாரம் ஏற்றிய கழுதை ஒன்று அரண்மனை வாசலில் படுத்துக்கொண்டு எழமாட்டேன் என்று அடம்பிடித்ததில் தொடங்கியது என்பார்கள். அந்தப் படம் செல்போனுக்குச் செல்போன் தாவியது. சிங்கங்கள், சிறுத்தைகள், ஆயுள் முழுக்க ஆண்டுவிடலாம் என்றிருந்த முதலைகள் எல்லாம் ஆட்டம் கண்டன. நம் சிங்கம் ஒரு மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவிட்டது. கூண்டுகள் திறந்தன, செதிலனும் வெளியே வந்தது. அதன் காவல்படையான செந்நாய்கள் ஓடவில்லை. யார் உள்ளே இருந்தாலும் அவை வாசலில் இருக்கும்.

தேர்தல் நடந்தது. கொல்லைப்புறத்தில் தண்ணீர் வைத்தது யார் என்று காட்டுக்கே தெரியும். நேர்வழி இயக்கம் வாக்குகளை அள்ளிக்கொண்டு ஆட்சிக்கு வந்தது.

அமைச்சரவை அமைக்க மசூரா கூடியது. மசூரா என்பது இயக்கத்தின் ஆலோசனைச் சபை. யாருக்கு என்ன தெரியும் என்று அங்கே கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டால் அது தற்பெருமையைத் தூண்டும். யார் எவ்வளவு காலம் கூண்டில் இருந்தது என்று மட்டும் பார்த்தார்கள். நீர்த்துறை பெரிய துறை. ஆகவே அது செதிலனுக்கு வந்தது.

"எனக்குத் தண்ணியைப் பத்தி ஒண்ணும் தெரியாதே, அமீர்" என்றது செதிலன்.

அமீர் ஒரு கலைமான். மெலிந்த உடல், கனிந்த குரல். "தெரிஞ்சதையே சொல்லாதவர் நீங்க, சகோ. தெரியாததை வெச்சு என்ன தப்பு பண்ணிடப் போறீங்க?"

அதே கூட்டத்தில் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. இனித் தண்ணீர் கொடுப்பது அரசின் கடமை, அரசோ நம்முடையது, ஆகவே ஐவர் குழுக்கள் கொல்லைப்புறத்தில் தண்ணீர் வைப்பதை நிறுத்த வேண்டும். நம் ஆட்சிக்கு நாமே போட்டியாகத் தண்ணீர் கொடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஊற்றுகளை மூடிக் கெட்ட காலத்துக்காகப் பத்திரப்படுத்தும்படி வாய்வழி உத்தரவு போயிற்று. அது சரி என்று தோன்றியதால் செதிலனும் கையைத் தூக்கியது. பின்னாளில் அந்தக் கையை அது அடிக்கடி பார்த்துக்கொண்டது.

முதல் பொதுக்கூட்டத்தில், இனி இந்தக் காட்டில் தண்ணீருக்கு வரிசையே இருக்காது என்று செதிலன் வாக்குக் கொடுத்தது. முன்வரிசையில் தும்பை என்ற முயல் தன் குட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. தடைக் காலத்தில் செதிலனின் குழு தண்ணீர் வைத்துவிட்டுப் போன முதல் கொல்லை அதனுடையது.

அடுத்த கோடை தொடங்கும்போது ஆறு நின்றுவிட்டது.

மேல்காட்டிலும் நேர்வழி இயக்கம் உண்டு. அங்கே ஆள்வது கரடி. கரடி ஓடவில்லை, சுட்டது. அங்கிருந்த சகோதரர்களும் ஆயுதம் எடுத்து, ஆறு தொடங்கும் இடத்தைப் பிடித்து அணை போட்டுவிட்டார்கள். செதிலனுக்கு முதலில் கவலையே இல்லை. ஒரே பாடம் படித்தவர்கள், ஒரே திசை பார்த்துத் தொழுகிறவர்கள், சொன்னால் திறந்துவிடப் போகிறார்கள். மிகுந்த பணிவோடு ஒரு குரல் செய்தி அனுப்பியது. பதிலும் அதே பணிவோடு வந்தது. உங்களுக்கு வரும் தண்ணீரை வழியில் கரடியின் படையும் குடிக்கிறது சகோதரரே, வெற்றி கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுமை உங்களுக்குப் புதிதா என்ன?

தண்ணீருக்குப் பதிலாக மேல்காட்டிலிருந்து அகதிகள் வந்தார்கள். வால் கருகிய குரங்குகள், ஒற்றைக் கொம்பு மான்கள், குட்டியைத் தொலைத்துவிட்டு யார் குட்டியைக் கண்டாலும் நக்கிக்கொடுக்கும் ஒரு கழுதைப்புலி. திருப்பி அனுப்பச் சொன்ன குரல்களை அமீர் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டது. அன்று செதிலனுக்குத் தன் தலைவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. அகதிகளும் வரிசையில் நின்றார்கள். வரிசை ஆற்றங்கரையில் தொடங்கி மலைச்சரிவில் ஏறி, பழைய கூண்டுகளைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அமைச்சரவை கூடியது. ஒழுக்கத் துறை கீரியிடம் இருந்தது. இளைஞர் அணியிலிருந்து வந்தது, எப்போதும் முதுகு மயிர் சிலிர்த்தபடி இருக்கும். வரிசையில் ஆணும் பெண்ணும் இடித்துக்கொண்டு நிற்பதால்தான் வானம் மூடிக்கொண்டது என்றது கீரி. ஆற்றை மூடியது வானம் இல்லை, நம் சகோதரர்கள் என்று செதிலன் மெல்லச் சொன்னது. அது வெளியுறவு விஷயம் என்று அமீர் குறித்துக்கொண்டது. ஒரு வரிசையா இரண்டு வரிசையா என்று விவாதம் நீண்டது. கணவனும் மனைவியும் எங்கே நிற்பது, கிழட்டு ஆமை எதில் சேரும், ஆணா பெண்ணா என்று அவற்றுக்கே மறந்துபோன நத்தைகளை என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக அலசினார்கள். கடைசியில் இரண்டு வரிசை என்று முடிவாயிற்று. அதுவரை ஒரு வரிசையில் கிடைக்காத தண்ணீர் அன்றிலிருந்து இரண்டு வரிசைகளில் கிடைக்கவில்லை.

செதிலன் தினமும் தொழுதது. படைத்தவன்மேல் அதற்கு ஒரு குறையும் இல்லை. நேர்வழியே தீர்வு என்று படைத்தவன் சுவரொட்டி ஒட்டவில்லையே, நாமல்லவா ஒட்டினோம் என்று நினைத்துக்கொள்ளும். நாம் தண்ணீர் கொடுத்தது தாகத்துக்காகவா, கொடுக்கக்கூடாது என்று சிங்கம் சொன்னதற்காகவா? இந்தக் கேள்வி வந்தால் தொழுகையை முதலிலிருந்து மறுபடி தொடங்கும்.

ஒருநாள் வரிசையைப் பார்வையிடப் போயிருந்தபோது தும்பை கூப்பிட்டது. குட்டிகளில் ஒன்று அதன் மடியில் கண்மூடிக் கிடந்தது. மூச்சு இருந்தது.

"அண்ணே, சிங்கம் இருந்தப்ப தாகம்னா நீங்க கொண்டாந்து வெச்சீங்க. இப்ப நீங்களே இருக்கீங்க. நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

செதிலன் குனிந்து குட்டிக்குத் தன் வாலால் நிழல் கொடுத்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. சிங்கம் திரும்பி வரணும்னு நான் சொல்லல. நீங்க பழையபடி வரணும்னுதான் சொல்றேன். கொல்லைப்பக்கமா."

அன்றே செதிலன் அமீரிடம் ஓடியது. ஊற்றுகளைத் திறக்காவிட்டால் குட்டிகள் இந்தக் கோடையைத் தாண்டாது என்றது. அமீர் கல்நெஞ்சு இல்லை. கண் கலங்கியது. தானே ஒலிபெருக்கியின் முன் நின்று, சத்தியத்திலிருந்து அனைவரையும் விடுவித்துவிட்டதாகவும் ஊற்றுகளை நீர்த்துறையிடம் காட்டும்படியும் உருகிப் பேசியது.

மறுநாள் ஒரு குழுகூட வரவில்லை. அமீரின் குரல் ஒலிபெருக்கியில் ஊற்றைக் கேட்டதும் காடு முழுக்க இருந்த ஐவர் குழுக்கள் இருந்த கொஞ்சநஞ்ச ஈரத்தையும் சருகு போட்டு மறைத்துவிட்டன. இந்தச் சோதனையிலும் தேறிவிட்டோம் என்று ஒன்றையொன்று கட்டித் தழுவிக்கொண்டன என்று பிறகு தெரிந்தது.

சரி, தன் குழுவின் ஊற்றையாவது திறக்கலாம் என்று செதிலன் தனியாகப் புறப்பட்டது. சத்தியத்தை மீறுவது பாவம்தான். அந்தப் பாவத்தைத் தான் சுமந்துகொள்வதாக வழியெல்லாம் படைத்தவனிடம் சொல்லிக்கொண்டே போனது. பழைய பாறை அடியில் தோண்டிப் பார்த்தால் வெறும் மண். குழுவின் மற்ற நால்வரும் பக்கத்துப் புதரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தது ஓர் உடும்பு. செதிலனிடம் சத்தியம் செய்து இயக்கத்தில் சேர்ந்தது.

"ஊத்து எங்க, சகோ?" என்றது செதிலன்.

"மாத்திட்டோம். ஐவர்ல ஒருத்தர் அரண்மனைக்குள்ள போயிட்டா மாத்தணும்ல."

"நான் கைதாகிப் போகலையே, அமைச்சராகத்தானே போனேன்?"

"விலங்கு போட்டுப் போனாரா மாலை போட்டுப் போனாரான்னு விதியில இல்லையே" என்றது உடும்பு.

"சரி, புது இடத்தைச் சொல்லுங்க."

"அரசாங்கத்துக்குச் சொல்றதில்லைன்னு சத்தியம்."

"உடும்பு, நான் செதிலன். உங்களுக்குச் சத்தியம் வாங்கினதே நான்தான்."

"அதான் சொல்றேன். செதிலன் சகோ எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை நாங்க அமைச்சருக்காக மாத்த முடியாது."

செதிலனுக்குக் கோபம் வரவில்லை. தன்னைவிட நல்ல மாணவர்களைத் தயாரித்துவிட்ட ஆசிரியரின் பயம் வந்தது. குட்டிகள் சாகின்றன என்று கெஞ்சியது. சிங்கமும் ஒருமுறை இப்படித்தான் குட்டிகளைக் காட்டிக் கேட்டது என்று உடும்பு நினைவூட்டியது. கெட்ட காலத்துக்கு என்றுதானே வைத்திருக்கிறீர்கள், இது கெட்ட காலம் இல்லையா என்று செதிலன் கேட்டது.

உடும்பு உண்மையிலேயே குழம்பிப்போய்ப் பார்த்தது. "நம்ம ஆட்சியில எப்படி சகோ கெட்ட காலம் வரும்?"

செதிலன் திரும்பி நடந்தது. காலுக்கடியில் எங்கோ, ஒருவேளை எல்லா இடத்திலும், தண்ணீர் இருந்தது. அதைத் தோண்டிய கைகளும் நல்ல கைகள்தான். அந்தக் கைகள் திறக்க வேண்டுமானால் காட்டுக்கு ஒரு கெட்ட காலம் வர வேண்டும். சாதாரணக் கெட்ட காலம் போதாது. இயக்கத்துக்குப் புரிகிற கெட்ட காலமாக இருக்க வேண்டும். அதை யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

செந்நாய்த் தளபதி வாசலில் அமர்ந்து எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. செதிலனைக் கண்டதும் மரியாதையாக எழுந்தது.

"எங்களை நீங்க தடை பண்ணணும்" என்றது செதிலன்.

தளபதி எலும்பைக் கீழே வைத்தது. "மழைக்கு அப்புறம்னு வெச்சிருந்தோமே ஐயா."

"அதுவரைக்கும் குட்டிங்க தாங்காது."

"காரணம் ஒண்ணு வேணுமே. அகதிகளை உள்ள விட்டீங்கன்னு சொல்லிடவா?"

"அவங்களை இழுக்காதீங்க. கோடை பூரா உக்காந்து வரிசை ஒண்ணா ரெண்டான்னு பேசிட்டிருந்தோம். அதைச் சொல்லுங்க, உண்மையும் அதுதான்."

"உண்மையைக் காரணமாச் சொன்னா எங்களை யார் நம்புவாங்க? விடுங்க, நாங்க பாத்துக்கறோம்."

யாரையும் கொல்லக்கூடாது என்று செதிலன் கேட்டுக்கொண்டது. முயற்சி செய்கிறோம் என்றது தளபதி. அந்தச் சொல்லின் அர்த்தம் செதிலனுக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பி வந்து, அன்றைய மசூராவில் அமீரின் பக்கத்தில் அமர்ந்தது. சொல்லிவிடலாமா என்று நினைத்தது. சொன்னால் அமீர் தொழுது விடை கேட்கும், இதற்கென்று இன்னொரு மசூரா கூட்டும், ஒரு வரிசையா இரண்டு வரிசையா என்று கேட்கும். செதிலன் வாயைத் திறக்கவில்லை. கூண்டில் மூடிய வாய்க்கும் இங்கே மூடிய வாய்க்கும் வித்தியாசம் இருப்பது அதற்குத் தெரிந்தது. எது பெரிய குற்றம் என்று மட்டும் தெரியவில்லை.

மறுநாள் காலை செந்நாய்கள் வாசலிலிருந்து உள்ளே வந்தன. அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். எங்கே போக வேண்டும் என்று யாருக்கும் வழி சொல்லத் தேவையிருக்கவில்லை. கீரி மட்டும் கதவை மறித்து நின்றது. முயற்சி செய்கிறோம் என்று சொன்ன தளபதி முயற்சி செய்யவில்லை. கீரியைச் செதிலனுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. பிடிக்காத ஒன்றுக்காக எப்படி அழுவது என்று தெரியாமல் அது கூண்டுக்குப் போகும் வழியெல்லாம் கீரியின் சிலிர்த்த முதுகையே நினைத்துக்கொண்டு போனது.

காட்டைக் காப்பாற்றவே பொறுப்பேற்றதாகத் தளபதி அறிவித்தது. இரண்டு வரிசைகளை ஒன்றாக்கியது. டோக்கனை மீண்டும் கொண்டுவந்தது. ஆறு வரவில்லை. செந்நாய்களின் ரோமம் மட்டும் எப்படியோ நனைந்திருந்தது. பிறகு, நேர்வழி இயக்கம் தடை செய்யப்பட்டது என்று ஒலிபெருக்கி காடு முழுக்கச் சொன்னது.

அன்று மாலைக்குள் கொல்லைப்புறங்களில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் தும்பையின் கொல்லையில், பிறகு வால் கருகிய குரங்குகளின் குடிசைகளில், பிறகு எல்லா இடத்திலும். கண்மூடிக் கிடந்த குட்டி குடித்தது, இருமியது, இன்னும் கேட்டது. தலைமை உள்ளே போனதும் ஐவர் குழுக்கள் இளமை திரும்பியதுபோல் ஓடியாடின. புதிதாகச் சேர இத்தனை விலங்குகள் வந்ததில்லை என்று உடும்பு சொன்னதாகக் கேள்வி. வரிசையில் நின்றபடியே விலங்குகள், ஆட்சியில் இருந்தபோது இவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன.

கூண்டில் செந்நாய்கள் செதிலனைத் தொங்கவிட்டு ஊற்று எங்கே என்று கேட்டன. இந்த முறை அதற்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதைவிடத் தெரியாததைச் சொல்லாமல் இருப்பது கடினம் என்று அந்த வயதில் கற்றுக்கொண்டது.

பக்கத்துக் கூண்டில் அமீர் இருந்தது. ஆட்சியில் இருந்த காலத்தில் தடுமாறிய குரல் இங்கே தெளிந்திருந்தது. கம்பிகளுக்குப் பின்னாலிருந்து அது பொறுமையைப் பற்றியும் தாகத்தைப் பற்றியும் பேசியபோது காவலுக்கு நின்ற செந்நாய்களில் ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெளியே கொல்லைப்புறங்கள் நிறைந்த செய்தி வந்ததும் அமீர் நெடுநேரம் தொழுதது.

"பாத்தீங்களா சகோ, காடே நம்ம பக்கம். இன்னைக்கில்லேன்னா நாளைக்குத் தேர்தல் வரும். போன தடவையைவிடப் பெருசா ஜெயிப்போம்."

செதிலன் தன் மிச்சமிருந்த செதில்களுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "ஜெயிச்சா, இந்தக் கொல்லைப்புறத் தண்ணி?"

"அதை நிறுத்திடணும்" என்றது அமீர், தூய்மையான உள்ளத்தோடு. "அது அரசாங்கத்தோட வேலை இல்லையா?"

நீதி: தாகத்தில் இருப்பவர்கள் ஒருபோதும் நல்லவர்களைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நல்லவர்களைப் பிடித்து உள்ளே போடுகிற கெட்டவர்களைத் தேர்ந்தெடுத்தால், தண்ணீர் கொல்லைப்புறம் தேடி வரும்.